குழாயடி வரைக்கும் கேட்கும்

தம்பிதுரைக்குக் குரல் போன பிறகுதான், தான் படிக்காதது எவ்வளவு பெரிய குறை என்று மயிலாத்தாளுக்கு உறைத்தது. முப்பது வருஷமாக அதை அவள் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. பஸ் போர்டு, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் படித்துச் சொல்லப் புருஷன் இருந்தார். அவரும் சும்மா படிக்கிற ஆள் இல்லை. மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் ஏலம் கூறுகிறவர். மாத்திரை அட்டையில் இருப்பதைக்கூட நீட்டி முழக்கித்தான் படிப்பார். அவர் மண்டியில் வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ரொம்பக் கூட்டியது என்று சொல்ல முடியாது.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டு, கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை வைத்தார்கள். இனி மூச்சு அதன் வழியாகத்தான். ஓட்டையில் சளி கட்டிக்கொண்டால் மருந்துத் தண்ணீர் சொட்டுவிட்டு, இளக்கி, இடுக்கியால் எடுக்க வேண்டும். நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். இரண்டே நாளில் மயிலாத்தாளின் கை நர்ஸின் கையை விட நிதானமாக வேலை செய்தது. "நீங்க படிச்சிருந்தா எங்க வேலைக்கே வந்திருப்பீங்க அக்கா" என்று நர்ஸ் சொன்னதை ஊர் வருகிறவரை மனசுக்குள் வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலைச் சுற்றிச் சாமான்கள் சேர்ந்தன. கூப்பிட ஒரு பித்தளை மணி. எழுதிக் காட்ட ஸ்லேட். ஓட்டைக்குள் பார்க்க டார்ச் லைட். மாத்திரை நேரத்துக்கு அலாரம் கடிகாரம். இவை போதாதென்று, கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு வரும் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு கருவி. அதை அவர் ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி சத்தம் வந்தது. ஏலம் கூறிய மனுஷனுக்கு எப்படிப் பொறுக்கும்? அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தியவர் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

ஸ்லேட் அதை விடப் பெரிய வம்பு. அவருக்குப் பேச வராது, அவளுக்குப் படிக்க வராது. நல்ல பொருத்தம். அவர் எழுதுவார், அவள் ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாசாணத்திடம் ஓடுவாள். மாசாணம் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். பால் வாளியைக் கீழே வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "வெந்நீர்" என்பார். "தலகாணி" என்பார். ஒரு நாள், "நீ ரொம்ப எளைச்சுப் போயிட்டே அம்மணி, நேரத்துக்குச் சாப்புடு" என்று படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மயிலாத்தாளுக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஸ்லேட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்தே தம்பிதுரை புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு வெந்நீரும் தலகாணியும் தவிர எதையும் அவர் எழுதவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு அது. அந்த இரண்டு பேருக்குள் இருந்த பேச்சுதான் வீட்டின் மொத்தப் பேச்சு. எட்டு மாசம் அது நின்றுபோனது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெரோம்தான் வழி சொன்னான். அடுத்த தெருக்காரன், நல்ல பையன். "மாமா டைப் பண்ணா போனே வாய் விட்டுப் படிக்குமுங்கக்கா. டார்ச், அலாரம், மணி எல்லாம் அதுக்குள்ளயே இருக்குது. இத்தனை சாமான் எதுக்குங்க, ஒண்ணு போதும்."

இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். ஜெரோம் மூன்றை எடுத்து வைத்தான். ஸ்லேட் அளவுக்கு அகலமான டேப் ஒன்று. பின்னால் மூன்று கேமரா வைத்த பளபளப்பான போன் ஒன்று. மூன்றாவது கறுப்பாக, தடியாக, பார்க்க லட்சணமே இல்லாத போன். தம்பிதுரை டேப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் எதையும் கையில் எடுக்கவில்லை.

"தம்பி, நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிக்கறனுங்க. ஒவ்வொண்ணா பேச வைங்க. எது கேக்குதோ அது போதுமுங்க."

"அக்கா, கேமரா, மெமரி இதெல்லாம் பாக்கோணுமில்லீங்களா?"

"அதெல்லாம் படிச்சவங்களுக்கு. அவரு கூப்புட்டா எனக்குக் கேக்கோணும். அவ்வளவுதானுங்க."

ரோட்டைத் தாண்டி ஒரு பழக்கடை ஓரமாக நின்றாள். ஊட்டி பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ஜெரோம் டேப்பைத் தூக்கிக் காட்டினான், ஒன்றும் கேட்கவில்லை. பளபளப்புப் போனைக் காட்டினான், கொசு மாதிரி ஏதோ கேட்டது. மூன்றாவதைத் தூக்கினான். பஸ் சத்தத்தையும் தாண்டி "வணக்கம்" என்று கணீரென்று வந்தது. மயிலாத்தாள் ஏலம் எடுத்தவள் மாதிரி கையைத் தூக்கினாள். கடைக்குள் தம்பிதுரை சத்தமில்லாமல் சிரித்தார்.

ஜெரோம் அந்தப் போனில் மஞ்சளாக, 'ம' என்று எழுதிய ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தான். அதை அமுக்கினால் "மயிலு, வா" என்று கூப்பிடும். மற்றதை டைப் செய்துகொள்ளலாம். பேசியது எல்லாம் நேரத்தோடு கீழே வரிசையாக நிற்கும் என்றும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து, ஒற்றை விரலால் வெகுநேரம் குத்திக் குத்தி அவர் முதலில் பேசியது: "ஏனம்மணி, சோறாச்சா?"

சொன்னது என்னவோ அவர் பேச்சுதான். சொன்ன குரல் டிவியில் செய்தி வாசிக்கிறவனுடையது. மயிலாத்தாள் அடுப்படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஏனுங்க, நூசு வாசிக்கறவன் ஊட்டுக்குள்ள பூந்து சோறு கேக்கறானுங்க!" தம்பிதுரையின் தோள் குலுங்கியது. கழுத்து ஓட்டை வழியாகக் காற்று புஸ் புஸ்ஸென்று வந்தது. எட்டு மாசத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு அது.

மறுநாளே கட்டிலைச் சுற்றி இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டாள். ஸ்லேட் அங்கன்வாடிக்குப் போனது. டார்ச்சும் கடிகாரமும் பரணுக்குப் போயின. மணியை மாசாணத்தின் கன்றுக்குட்டி கழுத்தில் அவளே கட்டிவிட்டாள்.

"மணி மட்டும் இருந்துட்டுப் போவட்டுமே மயிலு" என்றார் மாசாணம்.

"அதெதுக்குங்கண்ணா? போன் குழாயடி வரைக்கும் கேக்குமுங்க. அதெல்லாம் கெடந்தா ஊடு ஆஸ்பத்திரி மாதிரியே இருக்குது."

போன் சத்தம் ஒரு தடவை மானத்தை வாங்கியது. காரமடையில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிதுரை அவளுக்கு மட்டும் என்று எதையோ டைப் செய்தார். மண்டபமே கேட்க, செய்தி வாசிக்கிறவன் அறிவித்தான்: "மாப்பிள்ளை முழி சரியில்லை. கேசரி நல்லா இருக்குது." மாப்பிள்ளையின் அப்பா எதிர்ப் பந்தியில் கேசரியோடு அப்படியே நின்றார். இரண்டு பேரும் கை கழுவுகிற சாக்கில் பஸ் ஏறிவிட்டார்கள்.

அன்று ஜெரோம் கடையில் இறங்கி, பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பட்டனை மயிலாத்தாள் கற்றுக்கொண்டாள். மேலே அமுக்கினால் சத்தம் கூடும், கீழே அமுக்கினால் குறையும். போனில் அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

அந்த வித்தையில் இன்னொன்று இருந்ததை அவள் அப்புறம்தான் கண்டுபிடித்தாள். சத்தத்தை நன்றாகக் குறைத்துக் காதில் வைத்துக்கொண்டால், குரல் ரகசியம் மாதிரி வந்தது. அப்போது அது செய்தி வாசிக்கிறவன் குரலாகத் தெரியவில்லை. மாசாணத்துக்குக் கேட்காது, தெருவுக்குக் கேட்காது. சாயங்காலமானால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளே சத்தத்தைக் குறைப்பாள். அவர் டைப் செய்வார். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டுவாள், சிணுங்குவாள், போங்க என்பாள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அவள் யாரிடமோ போன் பேசுகிற மாதிரிதான் இருக்கும். பேச்சு முடிந்ததும் மறக்காமல் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். ஆறு மாசம் ஒரு நாளும் மறக்கவில்லை.

அன்று காலையில் காப்பி குடிக்கும்போது அவர் போனை எடுத்து, அவரே அவளைப் பார்த்துக் கண் காட்டினார். சாயங்காலத்துப் பேச்சு காலையிலேயே வருகிறதே என்று அவளுக்கு ஒரே குஷி. சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்தாள்.

"நீ மொத மொதல்ல மண்டிக்கு வேலைக்கு வந்த அன்னைக்கு, ஒரே குவியலை நான் ரெண்டு தடவை ஏலம் போட்டுட்டேன். உன்னையப் பாத்துட்டு நின்னதுல. முதலாளி கிட்டப் பேச்சு வாங்கினேன். இத்தனை வருஷம் சொல்லலை."

முப்பது வருஷ ரகசியம். மயிலாத்தாளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான் தெருவில் கூச்சல் கேட்டது. எட்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. போனை அவர் கையில் திணித்துவிட்டுக் குடங்களைத் தூக்கினாள்.

"ரெண்டு கொடம் புடிச்சுட்டு வந்தர்றனுங்க. இந்தக் கதைக்கு வந்து வெச்சுக்கறேன். ஏதாச்சும்னா அமுக்குங்க."

அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

குழாயடி நாலு வீடு தள்ளி இருந்தது. வரிசையில் நிற்கும்போதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நடுவில் ஒரு தடவை மணிச் சத்தம் கேட்டது. பழக்க தோஷத்தில் குடத்தை விட்டுவிட்டுத் திரும்பினாள். மாசாணத்தின் கன்றுக்குட்டி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. 'அட, நீயா' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நிம்மதியாகக் குழாய்ப் பக்கம் திரும்பினாள். போன் கூப்பிடவில்லையே. கூப்பிட்டால் கேட்டிருக்கும்.

முதல் குடத்தை வாசலில் இறக்கிவிட்டு, இரண்டாவது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அவர் கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். முகம் நீலமாகியிருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு, மருந்துத் தண்ணீர் விட்டு, இடுக்கியை எடுத்து, கட்டியாக அடைத்திருந்த சளியை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டாள். எத்தனையோ தடவை செய்த வேலை. ஆனால் ஓட்டை வழியாகக் காற்று வரவில்லை. கொட்டிய தண்ணீர் கட்டிலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. போன் அவர் கையில் இருந்தது, கட்டை விரல் மஞ்சள் பட்டன் மேல்.

டாக்டர் ஐந்து நிமிஷம் என்றார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் எடுத்துவிட்டிருக்கலாம் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மயிலாத்தாளுக்கு அதற்குப் பிறகு யார் பேசியதும் காதில் ஏறவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் ஜெரோம் வந்தான். அவள் அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்த போனை எடுத்துக் கொடுத்தாள். சார்ஜ் ஏற்றித் திறந்தான்.

"அன்னைக்குக் காலையில பேசுனது இருக்குமுங்களா தம்பி?"

அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "ஒரு தடவை கூப்புட்டிருக்காருங்கக்கா. ஒரே தடவை. ரொம்பச் சிரமப்படலைங்க" என்றான்.

நல்ல பையன்தான். பொய் சொல்லத்தான் வரவில்லை. மயிலாத்தாள் போனைக் கையில் வாங்கினாள். அவள் பெயரின் முதல் எழுத்து அவளுக்குத் தெரியும். ஆறு மாசமாக மஞ்சள் பட்டனில் பார்த்த எழுத்து. அது ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து இறங்கினாள்.

"எனக்குப் படிக்கத்தானுங்க தெரியாது. எண்ணத் தெரியாதுங்களா? பதினாலு."

ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தானுங்க சத்தத்தக் கொறச்சேன். கூட்டி வெக்காமப் போயிட்டேன்." அழுகை வரவில்லை. அழுதால் தேவலை போல இருந்தது. "இப்ப முழுசா வைங்க. நான் குழாய்கிட்டப் போய் நிக்கறேன். அவரு எத்தனை தடவை அமுக்கினாரோ, அத்தனை தடவை அமுக்குங்க."

"வேண்டாமுங்கக்கா. சொன்னாக் கேளுங்க."

"கடையில அப்புடித்தான பாத்து வாங்கினோம்."

நாலு வீட்டைத் தாண்டி நடந்தாள். தண்ணீர் வராத நாள், குழாயடியில் ஒருவரும் இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பையனுக்கு மனசு வரவில்லை போல.

"மயிலு, வா."

கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து, நாலு சுவரைத் தாண்டி, கணீரென்று கேட்டது.

"வாரேனுங்க" என்றாள்.

"மயிலு, வா."

"வாரேனுங்க. இதா வாரேனுங்க."

மாசாணம் மாட்டுக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவைக்கும் பதில் சொல்லிக்கொண்டே, விரலை மடக்கி எண்ணிக்கொண்டே நின்றாள். பதினாலாவது தடவை கேட்டதும், குடமில்லாத கையை வீசிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.