இரண்டு மாடி முகம்

சுவரில் இருந்த மூக்கு மட்டுமே ஓர் ஆள் உயரம். அதன் இடப்பக்கத்து மறுவைக்கூட விடாமல் வரைந்திருந்தாள், மேலே மின்மேடையில் நின்ற ஓவியக்காரி. பேரின்பநாதன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அச்சொட்டா நீதான் மச்சான். கலியாணப் படத்திலகூட நீ இவ்வளவு வடிவா விழேல்லை," என்றான் கூட வந்த றூபன்.

"விசர்க் கதை கதையாத. சிரிக்கிற நேரமே இது?"

கனடாவை விட்டு வெளியேறச் சொல்லிக் குடிவரவுக் கடிதம் வந்து பதினான்கு மாதம். டோர்வல் விமான நிலையத்தில் விமானம் ஏறியிருக்க வேண்டிய நாளில் அவன் மொன்றியலில், றூபன் வீட்டு பேஸ்மென்றில், ஜன்னலுக்குத் துணி கட்டிவிட்டுப் படுத்திருந்தான். அன்றிலிருந்து யார் வீட்டுப் பிறந்தநாள் படத்திலும் அவன் நின்றதில்லை. லொங்குய்யைத் தாண்டி ஒரு மணி நேரம் வந்தால் இந்தச் சின்ன நகரம். போன இலையுதிர்காலத்தில் இங்கே ஒரு ஆப்பிள் தோட்டத்தில் நாலு கிழமை பதிவில்லாத வேலை செய்தான். ஏணியில் நின்றவனைப் பார்த்து, கழுத்தில் கமரா தொங்கிய இதே ஓவியக்காரி "போட்டோ?" என்றாள். வேண்டாம் என்று கையை ஆட்ட வழியில்லை. இரண்டு கையிலும் ஆப்பிள். சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்புத்தான் இப்போது நகர அருங்காட்சியகத்தின் பக்கச் சுவரில். தோட்டத்து முதலாளி ஃபோனில் படம் அனுப்பித்தான் அவனுக்கே தெரிந்தது. சனிக்கிழமை திறப்பு விழா. பத்திரிகைக்காரர்கள் வருகிறார்களாம்.

பழைய ரயில் நிலையத்தைத்தான் அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். பழச்சாறு பிழியும் மரச்செக்கு, நாலைந்து பால்கேன், ஒரு பட்டாளத்துச் சட்டை. வாசலில் சீட்டுக் கிழிக்கும் பெண்மணி அவனைக் கண்டதும் சுவரைக் காட்டி, அவனைக் காட்டிக் கைதட்டினாள். தொப்பியை இழுத்து விட்டிருந்தும் ஐந்தே விநாடியில் பிடிபட்டுவிட்டான்.

றூபன் ஓவியக்காரியைக் கூப்பிட்டான். அவள் நின்ற மின்மேடை முனகிக்கொண்டு இறங்கியது. இருவரும் பிரெஞ்சில் கதைத்தார்கள். அவள் முகம் மாறியது. நெஞ்சில் கை வைத்துப் பேரின்பநாதனைப் பார்த்துத் தலை குனிந்தாள்.

"என்னடா சொன்னனீ?"

"உண்மையைச் சொல்லேலுமே? எங்கட ஆக்களில செத்தவையின்ர முகத்தைத்தான் பெரிசா அடிச்சு மதில்ல ஒட்டுறது, உயிரோட இருக்கிறவனுக்குக் கூடாது எண்டன். கண் கலங்கிட்டாள் பாவம். இப்பவே வெள்ளை பூசுறாளாம்."

செத்துப்போன அண்ணனின் முகம் கண்ணீர் அஞ்சலியாக ஊர்ச் சந்தி மதிலில் இருந்த மாதம் முழுவதும், சந்தியைத் தவிர்த்துச் சுற்றுவழியாகவே ரியூசனுக்குப் போனவன் பேரின்பநாதன். றூபன் சொன்னது முழுப் பொய்யில்லை.

மேடை மேலே போனது. தலைமுடி மறைந்தது. நெற்றி மறையத் தொடங்கியது. ஆனால் அவள் ஏதோ பிணத்துக்குச் செய்வதுபோல அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மரியாதையாக உருளையை உருட்டினாள்.

"கெதியாப் பூசச் சொல்லடா."

றூபன் காலால் மண்ணைக் கிளறினான். "மச்சான், ஒரு சின்னப் பிழை விட்டிட்டன். போன கிழமை இந்தப் பக்கம் சாமான் இறக்க வரேக்க இதைத் தூரத்தில கண்டனான். அப்ப வெறும் கோடுதான், ஆனா எங்கட ஆள் எண்டு பாத்தவுடன தெரிஞ்சுது. உன்ர முகமெண்டு ஆருக்குத் தெரியும்? தமிழன்ர முகம் ரெண்டு மாடி உயரத்தில எண்டு ஒரு சந்தோசப் புளுகத்தில எங்கட ஆக்களின்ர வாட்ஸ்அப் குறூப்பில போட்டிட்டன். இந்த ஊர்ப் பேரும் போட்டனான்."

"குறூப்பில எத்தினை பேர்?"

"நானூறு சொச்சம்."

அந்த நானூறில் தன்னைத் தெரிந்தவர்கள் எத்தனை, கதையை வெளியே காவாதவர்கள் எத்தனை என்று அவன் யோசித்து முடிக்கவில்லை. ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. பதினொரு பேர் இறங்கினார்கள்.

"ஜெகதீஸ்வரி அக்கா!" றூபன் குரல் இறங்கிவிட்டது. "அவவுக்கு உன்னைத் தெரியாது, என்னைக் கண்டா உன்னையும் விசாரிப்பா. ஆனா மனுசி எடுத்த படம் அடுத்த நிமிசம் குறூப்பில நிக்கும்." சொல்லிவிட்டுக் காருக்குள் பாய்ந்தான்.

ஜெகதீஸ்வரி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "ஐயோ, அழிக்கிறாளெல்லோ! எங்கட ஆள் எண்டாப் பொறுக்காதோ இவைக்கு? ஓடி வாங்கோ எல்லாரும், மிச்சத்தோடயாவது ஒண்டு எடுப்பம்." பிறகு பேரின்பநாதன் பக்கம் கையை வீசினார். "தம்பி, கொஞ்சம் விலத்துங்கோ. படத்துக்க விழுறியள்."

அவன் விலகினான்.

"தமிழே? அப்ப நீங்களே எடுத்து விடுங்கோவன்." ஃபோன் அவன் கையில் திணிக்கப்பட்டது.

திரையில் பதினொரு பேர் தோளோடு தோள் உரசி நின்றார்கள். மேலே ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண், மூக்கு, மறு, சிரிப்பு எல்லாம் அப்படியே. இன்னும் நாலு தரம் உருளை ஓடினால் போதும்.

"எடுத்தாச்சே?"

"இல்லை அக்கா. வெளிச்சம் காணாது."

"இந்த வெயிலுக்கோ? சிரிச்சுச் சிரிச்சு வாய் உளையுது, அமத்துங்கோ தம்பி!"

இரண்டடி பின்னால் போனான். இன்னும் ஓரடி. அப்போது மேலே உருளை நின்றது. படம் எடுக்கிறார்கள் என்று கண்ட ஓவியக்காரி, அவர்களுக்கு மறைக்கக்கூடாதென்று மேடையை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினாள். உருளையைத் தூக்கிப் பிடித்தபடி, நீ எடு, நான் காத்திருக்கிறேன் என்பதுபோல அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பன்னிரண்டு பேரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். அவள் கடைசியாக உருட்டிய இடத்திலிருந்து ஒரு சொட்டு வெள்ளை சுவரில் இறங்கி, மறுவைத் தொடாமல், மேலுதட்டை நோக்கி வழிந்துகொண்டிருந்தது.