வெல்டிங் விட்ட இடம்

ஜெஸி கொடியிலிருந்து பெல்டை உருவியபோது அது நன்றாகக் காய்ந்திருந்தது. சனிக்கிழமை காலையில் ஈரம் சொட்டிக்கொண்டு பழி வாங்கிய சாமான், திங்கட்கிழமை அப்பளமாகக் காய்ந்து கிடக்கிறது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடுக்களைக்கும் பின்வாசலுக்குமாக நடந்தாள். முற்றத்துப் பந்தலில் பெட்டிக்குள் அவள் புருஷன் கனகதாஸ் கிடந்தார். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து ஒரு மணி நேரமாகிவிட்டது. மூன்று மணிக்கு அடக்கம்.

பாறசாலையில் கடை கடையாக ஷட்டருக்குப் பெயின்ட் அடித்த மனுஷன் அவர். வாடை ஒத்துக்கொள்ளாமல் போனதும் தென்னை மரம் ஏறும் மெஷின் வாங்கினார். இரண்டு கால்களையும் இரும்புச் சட்டத்தில் மாட்டி, படி ஏறுவதுபோல மரத்தில் ஏறலாம். விழாமலிருக்க இடுப்பையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்க ஒரு பெல்ட். நாலு மாதமாக அதில்தான் கஞ்சி குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த பெல்டை சோப்புப் போட்டு அலசியது ஜெஸிதான். வியர்வை நாற்றம் அவளுக்குத் தாங்கவில்லை. இரவு மழை. மறுநாள் காலை, சர்ச்சின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் காணிக்கைச் சாமான் சேகரிக்க வந்த சபை ஆட்டோ ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. முதல் தேங்காய்க் குலை சபைக்கு என்பது நேர்ச்சை. ஈர பெல்ட் வழுக்கும் என்று கனகதாஸ் தயங்கினார்.

“ஒரு குலதானே. அவங்க காத்து நிக்காங்க. ஏறிட்டு வாருங்க.”

அந்த நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது இப்போது. சரி என்று பெல்ட் இல்லாமலே ஏறி விழுந்த அவர் மேலும் கோபம் வந்தது. செத்தவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

“ஜெஸி, அத இஞ்ச தா.” கனகதாஸின் அண்ணன் ராபின்சன் பின்வாசலில் நின்றார். நிலப் பத்திரம் எழுதும் ஆபீசில் குமாஸ்தா. சட்டம் தெரிந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். “மெஷினுக்க கூட சேத்து வைக்கணும். அடக்கம் கழிஞ்சு போலீஸ்காரன் ஒனக்க வாக்குமூலம் எடுக்க வருவான். பெல்ட் போட்டிருந்தாருண்ணு சொல்லு. நீ மட்டும்தானே பாத்த? மெஷின் கம்பெனி மேல கன்சூமர் கோர்ட்டுல கேஸு நிக்கணும்னா அதாக்கும் முக்கியம். ஜோஸ்னாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு உண்டு, பிள்ளே.”

மகள் ஜோஸ்னா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அப்பாவின் நெற்றியில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள். ஜெஸி அவளைப் பார்த்தாள். பெல்டைக் கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. விறகுப்புரைக்கு நடந்தாள்.

மெஷின் அங்கேதான் கிடந்தது. போலீஸ் படமெடுத்துவிட்டு விட்டுப் போயிருந்தது. கால் வைக்கும் கம்பி ஒடிந்த இடத்தை விரலால் தடவினாள். பாதி வட்டம்தான் பற்றவைத்திருந்தார்கள். மீதி கறுப்பாகத் துரு. மேலே பளபளவென்று வெள்ளிப் பெயின்ட். பெயின்டரையே பெயின்டால் ஏமாற்றியிருக்கிறார்கள்.

“சேச்சி...”

புரை வாசலில் பூ ரீத்தும் கையுமாக ஒரு நடுவயதுக்காரர். மெஷின் கம்பெனியின் ஆள், சிஜு. வியர்த்து வழிந்தார். “மன்னிக்கணும். இந்த நேரத்துல கேக்கப்பிடாது. மெஷின கம்பெனிக்குக் கொண்டு போயி டெஸ்ட் பண்ணணும். பின்ன ஒரு காரியம்... சேட்டன் பெல்ட் போட்டிருந்தாரா?”

“எரியிற வீட்டுல புடுங்கினது லாபம்ணு வந்தீரா ஓய்?” ராபின்சன் பின்னாலேயே வந்துவிட்டார். “போட்டுத்தான் இருந்தான்!”

சிஜு ஜெஸியின் கையிலிருந்த பெல்டைப் பார்த்தார்.

“போடல்ல,” என்றாள் ஜெஸி. “நான் அலசிப் போட்டது காயல்ல. ஏறச் சொன்னதும் நான்தான்.”

ராபின்சன் தலையில் அடித்துக்கொண்டார். சிஜு நிம்மதியாக மூச்சு விட்டு, ஃபோனில் எதையோ குறித்துக்கொண்டார். “அப்பம் சேச்சி, அது உங்க பாகத்துத் தப்புதான்னு...”

“எழுதியாச்சா? இதையும் எழுதுங்க. பெல்ட் இல்லாம ஏறினது எங்க தப்பு. கம்பி ஒடிஞ்சது ஆருக்க தப்பு? பெயின்ட சொரண்டிப் பாருங்க.”

சிஜு குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு ஒன்றும் எழுதவில்லை. “எங்கிட்ட தந்தா... பத்திரமா கொண்டு போவேன்,” என்றார், குரல் இறங்கி.

“போலீஸ்காரன் வரட்டும். கோர்ட்டு கேக்கட்டும். அதுவரை இது இஞ்ச இருக்கும்.”

இரண்டு பேரையும் வெளியேறச் சொல்லி, பெல்டை மெஷினுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டு, புரையைப் பூட்டினாள். சாவியை வலது கைக்குள் மூடிக்கொண்டாள்.

“கேஸக் கொன்னுட்டியே,” என்றார் ராபின்சன்.

“கொன்னது நான் மட்டுமில்ல அண்ணே.”

கல்லறைத் தோட்டத்தில் மழை தூறியது. போதகர் ஜெபித்து முடித்ததும் பெட்டியை இறக்கினார்கள். சிஜு ரீத்தை வைக்க இடம் தெரியாமல் கடைசி வரிசையில் நின்றார். ஜோஸ்னா மண் போட்டாள். ஜெஸி குனிந்து இடது கையால் ஒரு பிடி அள்ளினாள்.

“வலத்த கையால போடு, பிள்ளே,” என்றார் ராபின்சன் மெதுவாக.

சாவியை மூடிய வலது கையைத் திறக்காமல் அவள் இடது கையாலேயே போட்டாள். இன்னொரு பிடியும் அள்ளிப் போட்டாள்.