எழுந்திருக்காத மப்ரூக்

கெய்ரோவில் எங்கள் பள்ளிவாசலில் பல நூறு வருஷமாகப் பாடம் நடக்கிறது. வகுப்பறை என்று ஒன்று கிடையாது. தூணுக்கு ஓர் ஆசிரியர், சுற்றிலும் பாயில் மாணவர்கள். புதிதாக ஆசிரியராக விரும்புகிறவர் காலித் தூண் ஒன்றின் அடியில் உட்கார வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பதில் தெரியாவிட்டால் செருப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும். நண்பகல் லுஹர் பாங்கு வரை எழாமல் தாக்குப்பிடித்தால் தூண் அவருக்கு.

அன்று உட்கார்ந்தவன் என் அறைத்தோழன் மப்ரூக். தூண் கிடைத்தால்தான் பெண் என்று மொச்சை அவித்து விற்கும் ஹாஜ் பயூமி கறாராகச் சொல்லியிருந்தார். சொன்னதோடு விடாமல் கடையைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஷேக் தஸூகி வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசுகிற மனிதர் அவர். வெயில் அதிகம் என்றால் வியர்த்துக்கொண்டே ஆட்சேபிப்பார்.

“தம்பி, பருந்து ஒண்ணு நைல்லேருந்து மீனைத் தூக்கிட்டுப் பறக்குது. மீன் நழுவி ஒருத்தன் வீட்டுக் குழம்புச் சட்டியில விழுது. மீன் யாருக்கு? பருந்துக்கா, சட்டிக்காரனுக்கா?”

“தெரியல ஹஜ்ரத்,” என்று மப்ரூக் செருப்பை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தான். முடியவில்லை. காலையிலிருந்து சம்மணம் போட்டதில் இரண்டு காலும் மரத்திருந்தன.

“கால் மரத்துப்போச்சு ஹஜ்ரத். எழுந்துட்டதா வெச்சுக்குங்க.”

தஸூகிக்கு மூக்கு சிவந்தது. “அதெப்படி வெச்சுக்கறது? உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான்.”

“மனசு எழுந்துடுச்சே.”

“மனசுக்கு முழங்கால் இருக்கா? முழங்கால் நிமிராம எழுந்திரிச்சதா எந்தக் கிதாபுலய்யா போட்டிருக்கு?”

“நான்தான் தோத்துட்டேனே.”

“அதை நீ யாரு சொல்றது?”

இந்த மடையனை என்ன செய்வது? “வாயை மூடுடா,” என்று எட்டி மப்ரூக்கின் தொடையில் கிள்ளினேன். மரத்த தொடை, அவனுக்கு உறைக்கவே இல்லை. தன் தோல்விக்காக அவன் வாதாட, செத்துப்போன அறிஞர்களையெல்லாம் சாட்சிக்கு இழுத்து தஸூகி மறுக்க, மேலே பாங்கு ஒலித்தது.

“பாத்தியா, நீ எழுந்திரிக்கவே இல்ல. நிரூபிச்சுட்டேன்,” என்று தஸூகி வெற்றியோடு வியர்வையைத் துடைத்தார். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பயூமி என் பக்கம் சாய்ந்தார். “வாதத்துல தோத்துட்டானே தம்பி?”

“தோத்துட்டான் மாமா. ஆனா தூண் அவனுக்குத்தான்.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“அப்ப சரி. என் பொண்ணுகிட்ட தினமும் தோக்கணும். தோத்துட்டும் எழுந்து போகாம உட்காரத் தெரியுதே, அது போதும்.”