சந்தேகம் நிறுத்திய மெஷின்

அந்தத் தகரப் பட்டறையில் "ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டால், கையில் கட்டோடு நிற்பவர்கூட "ஒண்ணுமில்ல" என்பார். புதிதாகச் சூப்பர்வைசரான அக்காவும் எட்டு வருஷம் தகடு அழுத்துகிற பிரஸ்ஸில் நின்றபோது அதையேதான் சொல்லியிருக்கிறாள். அதனால் அந்தப் பதிலை அவள் நம்பவில்லை.

திங்கட்கிழமை எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னாள்: "மனசுக்குச் சரியா படலன்னா மெஷினை நிறுத்துற சிவப்புப் பொத்தானை அமுக்குங்க. யாரையும் திட்ட மாட்டேன். இது என் வாக்கு."

மூன்று நாள் ஒருவரும் தொடவில்லை. திட்டாத சூப்பர்வைசரை அவர்கள் எங்கே கண்டார்கள்!

வியாழக்கிழமை முதலாளி ஒரு பெரிய வாடிக்கையாளரை அழைத்து வந்து பட்டறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரிய பிரஸ் நின்றது. நிறுத்தியவள் தகடு அடுக்குகிற பெண். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவள் என்பதால் பட்டறையில் அவள் பெயரே 'சந்தேகம்'.

"சத்தம் வேற மாதிரி கேட்டுச்சுக்கா," என்றாள்.

மெஷினைப் பழுதுபார்க்கிற ஃபிட்டர் இருபது நிமிஷம் குடைந்தார். மூடியில் ஒரு திருகாணி ஆடியிருந்தது, அவ்வளவுதான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அக்கா முதலாளிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே வந்து நின்றாள். இப்போது ஒரு வார்த்தை கடிந்து பேசினால், இனி அந்தச் சிவப்புப் பொத்தானில் ஈ மட்டும்தான் உட்காரும்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன் சார். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க," என்றாள். பிறகு எல்லார் காதிலும் விழும்படி அந்தப் பெண்ணிடம், "நல்லா செஞ்ச. நாளைக்கும் சரியா படலன்னா நிறுத்து," என்றாள்.

ஃபிட்டர் மெஷினைப் போடக் கை நீட்டினார்.

"கொஞ்சம் இரு," என்றார் பிரஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் வாயைத் திறக்காத மனிதர். "போடாதப்பா." பிறகு அக்காவிடம், "இதைப் பாரும்மா," என்றார்.

இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே மாட்டாது. அவரோ இடது பொத்தான் அமுங்கியே இருக்கும்படி அதில் அட்டையை மடித்துச் சொருகியிருந்தார். அவருடைய இடது சட்டைக் கை கிழிந்து தொங்கியது.

"காலையில உள்ள மாட்டிக்கிச்சு. எப்படியோ இழுத்துட்டேன்."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்குண்ணே இந்த வேலை?"

"நீ போட்ட எண்ணிக்கை ரெண்டு கையால எட்டாதும்மா."

சுவரில் இருந்த பலகையில் ஒரு நாளைக்கு அறுநூறு என்று எழுதியது அவள்தான்; யாரையும் கேட்டு எழுதவில்லை. முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, அவள் நேரே போய் அதைத் துடைத்தாள். சாக்பீஸைப் பிரஸ் ஓட்டுகிறவரிடம் நீட்டினாள்.

"கையும் இருக்கணும், வேலையும் நடக்கணும். எவ்வளவு முடியும்னு நீங்களே எழுதுங்கண்ணே."

அவர் கொஞ்சம் யோசித்து ஐந்நூற்று அறுபது என்று எழுதினார். வெறும் நாற்பது தகடுக்காகவா இந்த மனுஷன் கையைப் பணயம் வைத்தார் என்று நினைத்துக்கொண்டே அக்கா இடது பொத்தானிலிருந்து அந்த அட்டையை உருவி எடுத்தாள்.