கதவில் வளர்ந்த கை

பழைய காரின் இடது பின்கதவில் பதிந்திருந்த குழந்தையின் கை முதல் வருடத்தில் ஆறு மில்லிமீட்டர் வளர்ந்தது. அளந்தவள் பல்செட் செய்கிறவள் என்பதால் அளவைப் பற்றி யாரும் சந்தேகப்படவில்லை. தெருவில் பாதிப் பெரியவர்கள் அவள் செய்துகொடுத்த பற்களால்தான் மென்றுகொண்டும் புறணி பேசிக்கொண்டும் இருந்தார்கள். அரை மில்லி பிசகினால் கடைவாய் கடிக்காது என்று தெரிந்தவள் ஆறு மில்லி என்று சொன்னால் அது ஆறு மில்லிதான். நடுவிரல் நுனியிலிருந்து உள்ளங்கை அடிவரை போன வருடம் நூற்றுப் பன்னிரண்டு, இந்த வருடம் நூற்றுப் பதினெட்டு என்று கிளினிக் நோட்டில் எழுதி வைத்தாள். அதற்கு முந்தைய பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரரின் கீழ்த்தாடை அளவு இருந்தது.

கை வந்த கதை இது. பல்செட்காரியும் அவள் கணவரும் பிரிந்தபோது மகள் அப்பாவிடம் போனாள், சனி ஞாயிறு மட்டும் அம்மாவிடம். அப்பா சனிக்கிழமை மதியம் சாவகாசமாகக் கொண்டுவந்து விடுவார், ஞாயிறு நாலு மணிக்கு ஹாரன் அடிப்பார். சொந்தமாக ஒரு கார் இருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே தானே போய்க் கூட்டிவந்துவிடலாம், ஒரு ராத்திரி கூடுதலாகக் கிடைக்கும் என்று அவள் கணக்குப் போட்டு, நாலு பேர் கைமாறி வந்த காரை வாங்கி அண்ணன் வீட்டு ஷெட்டில் நிறுத்தினாள். துருவும் நெளிசலுமாக இருந்தது. தெருமுனைப் பட்டறையில் பெயிண்டர் மூன்று மாதம் ஆகும் என்றார். அவ்வளவு வெள்ளிக்கிழமைகளை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. பல்லுக்குப் பாலிஷ் போடத் தெரிந்தவளுக்குத் தகரத்துக்குப் போடத் தெரியாதா என்று கேட்டு, அவளே உப்புத்தாள் வாங்கி வந்தாள். நிறத்தை மட்டும் மகள் முடிவு செய்தாள். ஐந்து வயது என்றாலும் அதில் தெளிவாக இருந்தாள்.

“மஞ்சள் அடிம்மா. பஸ் மஞ்சள் இல்ல, என் பென்சில் மஞ்சள்.”

“அடிச்சுடலாம்.”

“சும்மா சொல்லாத. சத்தியமா?”

“சத்தியமா.”

பெயிண்ட் அடிப்பது கடைசி வேலை, அதற்கு முந்தியதுதான் வேலை என்பதை அவள் ஒரே வாரத்தில் புரிந்துகொண்டாள். துருவைச் சுரண்டித் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். நெளிசலைத் தட்டி நிமிர்த்தி, நிமிராததில் பட்டி வைத்து இழுக்க வேண்டும். பல்லுக்கு அச்சு எடுக்கிற மாவைக் குழைத்துப் பழகிய கை என்பதால் பட்டி அவள் சொன்னபடி கேட்டது. எண்பதாம் நம்பர் முரட்டுத் தாளில் தொடங்கி, நூற்றெண்பது, முந்நூற்று இருபது என்று மெதுவாக ஏறி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைக் கண்டுபிடித்து, திரும்ப முதலிலிருந்து. எல்லாம் முடிந்த பிறகு தின்னர் துணியால் துடைத்துவிட்டால் அதற்கு மேல் பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடிக்கும்வரை வெறும் கை படக்கூடாது. தோலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பெயிண்டை ஒட்ட விடாது. இதை அவள் மகளிடம் அன்று பதினோரு தடவை சொல்லியிருந்தாள். பன்னிரண்டாவது தடவைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்கால் மணிக்கு, மகள் துடைத்து வைத்த பின்கதவில் வலது கையை முழுசாக வைத்தாள். கதவு ஜில்லென்று இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

பல்செட்காரி அந்தக் கையை அடித்தாள். “எத்தனை தடவை சொல்றது? கை வைக்காதன்னா கை வைக்காத!” குழந்தை அழவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றது. நாலு மணிக்கு ஹாரன் கேட்டபோது அப்படியே நடந்து போனது. அடுத்த சனிக்கிழமை சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து இவள் கதவைத் திரும்பத் துடைத்துப் பிரைமர் அடித்தாள். அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. அவர் வீடு பூட்டியிருந்தது. குழந்தையின் அப்பா கெட்டவர் என்று இந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை, ஒரு இடத்தில் கால் தரிக்காதவர் என்று மட்டும் சொல்வார்கள். இந்தத் தடவை போன இடத்தை யாரிடமும் சொல்லாமல் போயிருந்தார். கடிதங்கள் திரும்பி வந்தன. கோர்ட்டு நோட்டீசும் போன வேகத்தில் திரும்பி வந்தது. ஆனால் பிரைமர் அடித்த ஐந்தாம் நாள், சாம்பல் நிறக் கதவில், ஐந்து விரலும் விரித்த சின்னக் கை ஒன்று மேலே எழுந்து வந்திருந்தது.

ஆரம்பத்தில் அவள் அதை அழிக்கத்தான் பார்த்தாள். கொடுத்த சத்தியம் மஞ்சள் காருக்கு, கறை படிந்த மஞ்சள் காருக்கு அல்ல. அதோடு, அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் தான் அடித்த அடி நினைவுக்கு வந்தது. தகடுவரை தேய்த்தாள், பிரைமர் அடித்தாள், ஐந்தாம் நாள் கை வந்தது. பிரைமரை மாற்றி செம்மண் நிறத்தில் அடித்தாள், அதிலும் வந்தது. பெயிண்டர் வந்து பார்த்து, “எண்ணெய் உள்ள இறங்கிடுச்சுக்கா, கத்துக்குட்டி வேலைன்னா இப்படித்தான்” என்று உதட்டைப் பிதுக்கினார். தானே ஒரு தடவை தேய்த்து அடித்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் அவருக்கும் வந்தது. அதற்குப் பிறகு கத்துக்குட்டி என்ற வார்த்தையை அவர் பயன்படுத்தவில்லை. எட்டாவது தடவை தேய்த்து அடித்தபோது ஒரு வருடம் ஆகியிருந்தது, மகளின் பிறந்தநாள் வாரம். எழுந்த கையில் கட்டைவிரல் கொஞ்சம் நீளமாகப் பட்டது. முதல் கை வந்தபோதே பழக்கத்தில் அளந்து வைத்திருந்தாள். பல் அளக்கும் கருவியை எடுத்து வந்து அளந்தாள்.

“உனக்குக் கண்ணு ஏமாத்துது” என்றார் அண்ணன்.

“கண்ணு ஏமாத்தும். கருவி ஏமாத்தாது. ஆறு மில்லி.” கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து, வருடம் முழுக்க அழாததைச் சேர்த்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: “வளருதுன்னா சாப்பிடுறா. சாப்பிடுறான்னா நல்லா இருக்கா.”

அன்றிலிருந்து அவள் அழிப்பதற்காகத் தேய்க்கவில்லை. எழுந்த கை எழுந்தபடியேதான் இருக்கும், தானாக வளராது. தேய்த்துப் புதுப் பிரைமர் அடித்தால்தான் புதுக் கை வரும். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை, பிறந்தநாளன்று, எண்பதில் தொடங்கி முந்நூற்று இருபதுவரை. மூன்றாம் வருடம் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டிய அடையாளம் இருந்தது. நாலாம் வருடம் விரல் நுனிகளைப் பார்த்து, நகம் கடிக்கிறாள் என்று கண்டுபிடித்தாள். ஆறாம் வருடம் சுண்டுவிரல் கோணலாக வந்தது. எங்கேயோ விழுந்து உடைத்துக்கொண்டு, யாரோ சரியாகக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாத அந்த டாக்டரை அவள் மூன்று நாள் வாயாலேயே வறுத்தெடுத்தாள். எட்டாம் வருடம் நடுவிரலில் மோதிரம் இருந்தது, ஒன்பதாம் வருடம் இல்லை. தொலைத்திருப்பாள், பாவம் என்றாள். பதினோராம் வருடம் கை நூற்று எழுபத்தொரு மில்லி வந்தது, அது அவளுடைய சொந்தக் கையின் அளவு. பெயிண்டர் முன்னால் தன் கையை அதற்கு நேராக, ஒரு விரற்கடை தள்ளி, காற்றில் பிடித்துக் காட்டினாள். தொடவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கையை அவள் வெறும் கையால் தொட்டதில்லை. பதின்மூன்றாம் வருடம் நூற்று எழுபத்து நாலு. “என்னைவிட மூணு மில்லி நீளம்” என்று கிளினிக்குக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வாயைத் திறந்து வைத்திருந்ததால் அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை.

கார் இத்தனை வருடமும் சாம்பல் நிறத்தில் தயாராக நின்றது. மற்ற பக்கங்களையாவது அடித்துவிடலாமே என்று கேட்டவர்களுக்கு அவளிடம் பதில் இருந்தது. மகள் விட்டுப்போன பென்சில் துண்டை வைத்து நிறம் கலக்க வேண்டும், கலந்த கலவை இன்னொரு தடவை அப்படியே வராது, அடித்தால் முழுக் காரையும் ஒரே டப்பாவில் அடிக்க வேண்டும். அதற்கு அந்தக் கதவையும் மஞ்சளால் மூட வேண்டும், மூடினால் மகளைப் பார்ப்பது எப்படி என்பதை மட்டும் அவள் சொல்வதில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இவள் தேய்த்ததில் தகடு தேய்ந்தது. பதின்மூன்றாம் வருடம் பெயிண்டர் கதவை விரலால் சுண்டிப் பார்த்தார். டப்பா மூடியைச் சுண்டிய மாதிரிச் சத்தம் வந்தது.

“இன்னும் ஒரு தடவைதாங்கா தாங்கும். அதுக்கு மேல தேய்ச்சா சல்லடைதான். வேற கதவு வாங்கி மாட்டிடலாமா?”

அவள் பார்த்த பார்வையில் அவர் தன் டீக் கிளாசை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பதினாலாம் வருடம் அவள் எண்பதாம் நம்பரைத் தொடவே இல்லை. நானூறில் தொடங்கி ஆயிரத்தில் முடித்தாள், நாலு நாள் எடுத்துக்கொண்டாள். இது கடைசிக் கை என்று தெரிந்திருந்ததால், சுண்டுவிரலின் கோணல்வரை மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். பிரைமர் அடித்தாள். ஐந்தாம் நாள் கதவில் ஒன்றும் இல்லை. ஆறாம் நாளும் இல்லை. பத்தாம் நாளும் கதவு முட்டை ஓடு மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. வேலையை மட்டும் பார்த்த பெயிண்டர் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, “பதினாலு வருஷத்துல இப்பத்தாங்கா கரெக்டா வந்திருக்கு, என் பட்டறைலகூட இப்படி வந்ததில்ல” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து விளக்கை அணைத்தார். அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். எல்லோர் மனதிலும் இருந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்னொரு தடவை தேய்த்துப் பார்க்கத் தகடும் இல்லை. அவளுக்கு உடம்பெல்லாம் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு கிளினிக்குக்குப் போய் இரண்டு மேல்தாடை செட்டை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டத் தொடங்கினாள்.

“என்ன பண்ற?” என்றார் அண்ணன்.

“மஞ்சள் அடிக்கப் போறேன்.”

“இப்பவா?”

“அவளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன் அண்ணா. அவ இருந்தாலும் சத்தியந்தான், இல்லாட்டியும் சத்தியந்தான்.”

யாரும் கூப்பிடாமலே பெயிண்டர் கம்ப்ரசரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பென்சில் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு தடவை கலந்து, ஆறாவதைத்தான் அவள் ஒப்புக்கொண்டாள். பெயிண்ட் பீய்ச்சும் துப்பாக்கியை அவரிடம் தரவில்லை. கூரை, முன்மூடி, வலது பக்கம் என்று முடித்து, இடது பின்கதவைக் கடைசிக்கு வைத்திருந்தாள். கையை இழுத்த இழுப்பில் நிறுத்தாமல், ஓரத்தில் ஒழுக விடாமல், மூன்று கோட். மூன்றாவது முடிந்து முகமூடியைக் கழற்றியபோது ஷெட் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். தோளில் பை, வலது கை முதுகுக்குப் பின்னால்.

“பென்சில் மஞ்சள்தானே?” என்றாள் அந்தப் பெண்.

பல்செட்காரி துப்பாக்கி கையில் இருந்தபடியே மூன்று சொட்டு மஞ்சள் தன் செருப்பில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் கையை முன்னால் கொண்டுவந்து காட்டினாள். உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறம், சுண்டுவிரல் கோணல். வருடா வருடம் பிறந்தநாள் வாரத்தில் கை இப்படி ஆகிவிடும் என்றாள். சோப்புக்குப் போகாது, ஒரு மாதிரி நாற்றம் அடிக்கும், தோல் டாக்டர்கள் அலர்ஜி என்று களிம்பு கொடுப்பார்கள். இந்தத் தடவை ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பட்டறையைத் தாண்டிப் போகும்போது உள்ளே பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார்கள், கையை முகர்ந்து பார்த்தாள், அதே நாற்றம், அம்மா கார் வேலை பார்த்த ஷெட்டின் நாற்றம். மறுநாளே ரயில் ஏறிவிட்டாள். ஊர்தான் ஞாபகம் இருந்தது, தெரு இல்லை. பல்செட் செய்கிற அம்மா என்று ஒரு வாரம் கிளினிக் கிளினிக்காகக் கேட்டிருக்கிறாள்.

“நீ என்னை வேணாம்னு சொல்லிட்டதா அப்பா சொன்னாரு. நானும் நம்பிட்டேன்மா. அன்னிக்குக் கதவைத் தொட்டுட்டேன்ல, அந்தக் கோவம்னு நெனச்சேன்.”

பதினாலு வருடம் அழுத்தித் தேய்த்த தோள் அப்போதுதான் தளர்ந்தது. பல்செட்காரி துப்பாக்கியைக் கீழே வைத்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்து, ஈரம் பளபளக்கும் பின்கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“வை.”

“அக்கா, ஈரம்!” என்று பெயிண்டர் அலறினார்.

“நீங்க சும்மா இருங்க. நீ வைம்மா. நல்லா அழுத்தி வை.”

அந்த வருடம் பிரைமரில் கை எழாமல் போனதற்குக் காரணத்தைத் தெருவில் பிறகு சாவகாசமாகக் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஐந்தாம் நாள் மகள் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு கை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பெயிண்டர் மட்டும், அந்தக் கதவை லேசாகத் தேய்த்து ஒரு கோட் கொடுத்தால் ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். கார் இப்போது நன்றாக ஓடுகிறது. பின்கதவில் கையோடுதான் ஓடுகிறது. அடுத்த பிறந்தநாளன்று பல்செட்காரி பழக்கதோஷத்தில் கருவியை எடுத்து வந்து அளந்தாள். கதவில் நூற்று எழுபத்து நாலு. மகளைக் கூப்பிட்டு அவள் கையையும் பிடித்து வைத்து அளந்தாள். அதுவும் நூற்று எழுபத்து நாலு. நோட்டில் எழுதிவிட்டு, கையைத் திருப்பிப் பார்த்து, நகம் கடிக்காதே என்றாள்.