நாலு நாளாய் வராத மெசேஜ்

ரோடோரா அக்காவுக்கு மெதுவாகப் பேசவே தெரியாது. பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் எங்கள் பார்சல் கம்பெனியில் நான் எழுதிய பழைய கம்ப்யூட்டர் நிரலைப் படித்துவிட்டு எல்லார் முன்னாலும் கத்தினாள்.

"டேய் நெஸ்டர், மெசேஜ் அனுப்புற பகுதியை இந்த நிரல் தனக்குள்ளயே உருவாக்கிக்குதேடா! டெஸ்ட் ஓட்டுறப்பல்லாம் நிஜமாவே மெசேஜ் போகும். அதை வெளியிலருந்து குடு. அப்பதான் டெஸ்ட்ல நிஜமா எதையும் அனுப்பாத ஒரு போலியக் குடுக்கலாம். ஆமா, டெஸ்ட் மெசேஜெல்லாம் போற இந்த நம்பர் யாருது?"

"அப்பாவோடது."

அப்பா சிக்கிஹோர் தீவில் தனியாக இருக்கிறார். மூன்று வருஷம் முன்பு அந்த நிரலை எழுதியபோது எனக்கு மனப்பாடமாய்த் தெரிந்த ஒரே நம்பர் அதுதான்.

"பாவம்டா அந்த மனுஷன்" என்று சிரித்தாள்.

எரிச்சலோடு அன்றைக்கே மாற்றினேன். இப்போது போலி எல்லா மெசேஜையும் விழுங்கிவிட்டு 'அனுப்பியாச்சு' என்று கூசாமல் சொல்கிறது. எல்லா டெஸ்டும் பச்சை, அதாவது பாஸ்.

நாலாம் நாள் அப்பா கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுகிற ஆளே இல்லை.

"வேலை போயிடுச்சாடா?"

"இல்லையே. ஏம்பா?"

"உன் கம்பெனி பேர்ல, பார்சல் கிளம்பிடுச்சுன்னு தினமும் மெசேஜ் வரும். நாலு நாளா காணோம். அது வந்தா, சரி, நீ நல்லா இருக்கேன்னு நினைச்சுக்குவேன்."

போனை வைத்துவிட்டு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு நானே ஒரு மெசேஜ் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன்.

அரைமணி நேரம் கழித்து அனுப்பினேன்: 'உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது.'