பல்லில் பிடித்த நூல்

டிரைவருக்கு மீன் மாட்டுவதில் குறையே இல்லை. மாட்டிய மீன் படகுக்கு வந்து சேர்வதில்தான் குறை. தூண்டில் கோல் வளையும், மனிதர் துள்ளுவார், படகு ஆடும், கடைசியில் நூல் மட்டும் தனியாகத் திரும்பி வரும். அதன் நுனி பன்றிக்குட்டி வால் மாதிரி சுருண்டிருக்கும். விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சுருள் போதும். மீன் அறுக்கவில்லை, முடிச்சு நழுவியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ரீலில் இருப்பது பின்னல் நூல். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், இழுத்தால் விரலை அறுத்துவிடும். அதோடு லீடர் என்கிற கண்ணாடி நிற நைலானைச் சேர்க்க வேண்டும். மீன் கண்ணுக்குத் தெரியாமல் பல்லையும் பாறையையும் தாங்குவது அதன் வேலை. லீடரின் மறுமுனையில் மீன் வேஷம் போட்ட ரப்பர் தொங்கும். வம்பு என்னவென்றால், நூலும் லீடரும் இரண்டுமே வழுக்கும் பேர்வழிகள். சாதாரண முடிச்சுக்கெல்லாம் மசியாது. ஓர் இழுப்பில் நீ யாரோ நான் யாரோ என்று பிரிந்துவிடும். அதற்கென்று உள்ள நுணுக்கமான கட்டு பஸ் ஸ்டியரிங் பிடித்துப் பழகிய விரல்களுக்கு வரவில்லை. கிட்டப் பார்வையும் மங்கிவிட்டது. கண்ணாடி போட மட்டும் மாட்டார்.

படகு மச்சினனுடையது. ஞாயிறுதோறும் இருவரும் அதில்தான் மீன் பிடிக்கப் போவார்கள். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவன் அந்தச் சுருளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினான். மாமா மீன் பிடிக்க வருவதில்லை, மீனுக்குத் தீனி போட வருகிறார் என்று வேறு சொல்லி வைத்தான். டிரைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனி ஒரு தடவை முடிச்சு நழுவிச்சுன்னா கோலைத் தொட மாட்டேன். ஞாயித்துக்கிழமை முழுக்க உன் அக்காவோட வீட்லயே கிடக்கறேன். இது வாக்கு."

"அவ்வளவு பெரிய தண்டனை எதுக்கு மாமா?" என்றான் மச்சினன்.

குழம்பு கொண்டு வந்த டிரைவர் பெண்டாட்டி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை புருஷன் வீட்டில் இருப்பார் என்றதில் அவளுக்குக் காதில் தேன் பாய்ந்தது உண்மை. அதைத் தண்டனைக் கணக்கில் எழுதினார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

தெருமுனையில் ஒற்றை நாற்காலி போட்டு பியூட்டி பார்லர் நடத்துகிறாள். தெருவுக்கே அவள் பார்லர் அக்கா. வாரம் முழுக்க ஊர்க்கதை அவள் காதில் விழும். ஞாயிறு கடை கிடையாது. பிள்ளைகள் வேலை கிடைத்து ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். அன்றைக்கு வீட்டில் அவளும் ஃப்ரிட்ஜும்தான். சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் மட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் டிரைவர் ரீலோடு பார்லருக்கு வந்து நின்றார். நாள் முழுக்கத் தலை பின்னுகிற கை, இதையும் கட்டிக்கொடு என்று கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்ததே என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் போதும். முடிச்சு நழுவும், ஞாயிறு அவளுடையது.

கட்டும் விதத்தை அவரே விளக்கினார். ரீலைப் பார்லர் வாஷ்பேசின் குழாயில் மாட்டிவிட்டு நூலின் நுனியை அவர் பல்லில் கடித்துக்கொள்வார். விறைப்பாக நிற்கும் நூலுக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று அவள் லீடரைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். நடுவில் நூல் தொய்ந்தால் அத்தனையும் அவிழ்ந்துவிடும். சொல்லி முடித்து நாற்காலியில் சாய்ந்து நூலைக் கடித்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இந்த மனிதரால் இப்போது வாயைத் திறக்க முடியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுடைய இரண்டாவது வாக்கியத்தை அவர் முழுசாகக் கேட்டதே கிடையாது.

ஆரம்பித்தாள். சமையலறைக் குழாய் சொட்டுவதைச் சொன்னாள். ஃப்ரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் நாறும் அவருடைய ரப்பர் தூண்டில் புழுக்களைச் சொன்னாள். அவள் காய்ச்சலில் படுத்திருந்த அன்று படகிலிருந்து போன் பண்ணி, டார்ச் எங்கே என்று கேட்டதைச் சொன்னாள். அவர் "ம்ம்" என்றார், கண்ணை உருட்டினார், கையை ஆட்டினார். அவள் மேலே கீழே என்று சுற்றிக்கொண்டே போனாள். தளர்வாக விடத்தான் நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு குறைக்கும் கை தானாக ஒரு வெட்டு வெட்டி இறுக்கியது. கோபத்தில் இருக்கும்போது அவளிடம் தலை பின்னிக்கொண்டவர்களுக்குப் புருவம் இறங்கவே பாதி நாள் ஆகும்.

மறுநாள் டிரைவர் கை நீளத்துக்கு ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மச்சினன் முடிச்சைத் தடவித் தடவிப் பார்த்து, எத்தனை சுற்று என்று கேட்டான்.

"எண்ணல மாப்ள. திட்டு முடியற வரைக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவள் மட்டும் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கோபத்தில் கட்டினால் நழுவாது என்று அவளுக்கு யார் சொல்லியிருந்தார்கள்?

அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார். பாறையில் உரசி லீடர் பாழாகிவிட்டதாம், புதுசு கட்டணுமாம். கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்து நூலைக் கடித்துக்கொண்டு, ஆரம்பி என்கிற மாதிரி கையைக் காட்டினார்.

அவள் சுற்றத் தொடங்கினாள். திட்ட வாயெடுத்தால் ஒன்றும் வரவில்லை. குழாய் இப்போது சொட்டுவதில்லை. புதன்கிழமை அவரே வாஷர் மாற்றியிருந்தார். ரப்பர் புழுக்கள் பால்கனிக்குக் குடிபோயிருந்தன. மனிதர் ஒவ்வொன்றையும் கேட்டிருக்கிறார். மேலே, கீழே என்று விரல் அது பாட்டுக்குப் போனது. திட்டெல்லாம் தீர்ந்த பிறகு உள்ளே ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை அவள் அவரைப் பார்க்காமல் நூலைப் பார்த்துச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை தனியா இருக்க எனக்குப் பிடிக்கல. நீங்க சும்மா பக்கத்துல இருந்தாலே போதும்னு இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார் டிரைவர்.

வாயைத் திறந்துதான் கேட்டார். நூல் தொய்ந்தது. சுற்றியதெல்லாம் சரசரவென்று அவிழ்ந்து லீடர் தரையில் விழுந்தது. முக்கால்வாசி முடித்த வேலை. வாயை மூடிக்கொண்டு ஓர் ஐந்து நிமிஷம் இருக்க முடியாதா என்று அவள் கத்தினாள்; கண்ணில் தண்ணீர் நின்றதால் கத்தல் அவ்வளவாக எடுபடவில்லை.

அந்த நேரம் பார்த்து மச்சினன் போனில் கூப்பிட்டான். காலையில் சீக்கிரம் கிளம்பணும், கோல் தயாரா என்றான். டிரைவர் மடியில் சுருண்டு கிடந்த நூலைப் பார்த்தார். அவளையும் பார்த்தார்.

"முடிச்சு நழுவிடுச்சு மாப்ள. நான் வரல. வாக்கு வாக்குதான்."

கரையில் கட்டும்போது நழுவினால் அது கணக்கில் வராது என்று மச்சினன் வாதாடினான்.

"கரையா தண்ணியான்னு அன்னைக்கு நான் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு டிரைவர் போனை வைத்தார்.